பிளக் சொல்லும் செய்தி



விடியற்காலை ஐந்து மணி. பெரட்டுக்கு நேரமாகிறது. பால்வெட்டுக் கத்தியும் சோற்றுப் பாத்திரமும் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டன. வண்டிதான் கிளம்ப மறுக்கிறது. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துபோகிறது. "பிளக் போய்விட்டது" என்று புதியதொன்றை வாங்கிப் போடுகிறோம். சில வாரங்களில் மீண்டும் அதே தொல்லை. காரணம் என்ன? பல சமயங்களில் குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. பிளக் அதற்குச் சாட்சி. சாட்சியை விசாரிக்காமலே நாம் வீசி எறிந்துவிடுகிறோம்.

விசாரிப்பது எப்படி? இயந்திரம் நன்றாக ஆறட்டும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு, கம்பியை இழுக்காமல் மூடியைப் பிடித்துக் கழற்றுவோம். பிறகு பிளக்கை எடுத்து அதன் முனையைப் பார்ப்போம்.

இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறமானால் கவலை இல்லை. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகவோ காற்று குறைவாகவோ போகிறது. சோக்கையும் காற்று வடிகட்டியையும் கவனிக்க வேண்டும். செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கு வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும் அல்லவா? முனை எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால், நான்கு வீச்சு இயந்திரத்தில் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கொப்புளங்களோடு வெளுத்திருந்தால் அது அபாய அறிவிப்பு. இயந்திரம் அளவு மீறிச் சூடாகிறது. அப்படியே ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழக்கூடும். சில வெள்ளியில் முடிய வேண்டிய வேலை, சம்பளத்தில் பெரும் பகுதியை விழுங்கிவிடும்.

புதிய பிளக் வாங்கும்போது கையேட்டில் உள்ள எண்ணையே கேட்போம். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடக் கூட அது சூட்டை விரைவாக வெளியேற்றும். சாம்பியன், பாஷ் பிளக்குகளில் இது நேர்மாறு. ஆகவே ஒன்றின் எண்ணைச் சொல்லி மற்றொன்றை வாங்கக் கூடாது. மரையின் நீளமும் பழைய பிளக்கினுடையதாகவே இருக்க வேண்டும்.

முனைகளின் இடைவெளியும் முக்கியம். ஹோண்டா சி70 போன்ற வண்டிகளுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை. இடைவெளியைத் திருத்த வெளிமுனையை மட்டும் மெல்ல வளைக்கலாம். நடுமுனையைத் தொடக் கூடாது.

பூட்டும்போது முதலில் விரலாலேயே திருகுவோம். வளையம் தொட்டதும் ஸ்பேனரால் புதியதை அரைச் சுற்று, பழையதைக் கால் சுற்றுக்கு மேற்படாமல் இறுக்கினால் போதும். சிலிண்டர் தலை அலுமினியம். முரட்டுக் கைக்கு அதன் மரை அழிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: பெட்ரோல் சிந்திய இடத்தில் தீப்பொறி பரிசோதனை வேண்டவே வேண்டாம். பிள்ளைகளும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

பள்ளிக்குப் பிள்ளையையும், நள்ளிரவில் நோயாளியையும் சுமப்பது இந்த வண்டிதான். இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி, பிளக் சொல்லும் செய்தியைக் கேட்போமே!