முதற் கடிதம்: கேட்பதற்கும் ஒரு முறை உண்டு

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். உதவு நிறுவனங்களின் மேசையில் அழுகைக்குப் பஞ்சமில்லை. என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் கடிதங்களே குறைவு. முழுமையான செயற்றிட்டத்தை அனுப்புமுன் எமது கிராமச் சங்கங்கள் எழுதவேண்டிய விசாரிப்புக் கடிதம் பற்றிச் சில வார்த்தைகள்.

திரியாய் மக்களின் கதையை நாம் அறிவோம். 1985இல் வீடுகள் எரிக்கப்பட, ஊரைவிட்டுச் சிதறினார்கள். 2002 போர்நிறுத்தத்தின் பின்னரே பல குடும்பங்கள் மீளக் குடியேறின. அங்குள்ள சங்கம் ஒன்றுக்காக நான் எழுதிய முதற் கடிதம் ஆறு பக்கம். பட்ட துயரம் அத்தனையும் எழுதினேன். கிணறு, முன்பள்ளி, தையல் இயந்திரம், குளக்கட்டு எல்லாம் கேட்டேன். மூன்று வரியில் மறுப்பு வந்தது. கோபப்பட்டேன். பிரதியை மீண்டும் வாசித்தபோதுதான் கண்டேன்: எவ்வளவு பணம் வேண்டும் என்று ஓரிடத்திலும் நான் எழுதவில்லை. அந்தக் கோடையிலும் பெண்கள் தூரத்திலிருந்தே நீர் சுமந்தார்கள்.

அதில் கற்றவை இவை:

1. யாருக்கு எழுதுகிறோம் என்று அறிதல். 1958இல் தொடங்கிய ஜேர்மனியின் மிசரியோர் தானே திட்டங்களை நடத்துவதில்லை. உள்ளூர்ப் பங்காளிகள் ஊடாகவே செயற்படுகிறது. ஜப்பானியத் தூதரகத்தின் அடிமட்ட உதவித் திட்டம் கட்டடம், உபகரணம் போன்றவற்றுக்கு உதவும். சம்பளம் போன்ற நடைமுறைச் செலவுக்குத் தராது. அங்கே ஆசிரியைக்குச் சம்பளம் கேட்டு எழுதினால் முத்திரைச் செலவுதான் மிச்சம்.

2. முதற் பந்தியிலேயே கேட்டுவிடுதல். நாம் யார், என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு வேண்டும் என்ற மூன்றும் அங்கே இருக்கட்டும். ஒரு கடிதத்தில் ஒரு வேலையை மட்டும் கேளுங்கள்.

3. தேவையைத் தேவையாகச் சொல்லுதல். "எமக்குக் கிணறு இல்லை" என்பது தேவை அன்று. "ஆடி, ஆவணியில் கிணற்று நீர் உவர்க்கிறது, நீருக்குப் போகும் பிள்ளைகள் பாடசாலைக்குப் பிந்துகிறார்கள்" என்பதே தேவை. குடும்பத் தொகையைக் கிராம அலுவலரிடம் சரிபார்த்து எழுதுங்கள். கூட்டிச் சொன்ன கணக்கு, பார்வையிட வருபவர் முன் எம்மைத் தலைகுனிய வைக்கும்.

4. எமது பங்கைக் காட்டுதல். காணி, மணல், சிரமதானம் எல்லாவற்றுக்கும் பெறுமதி உண்டு. அதை ரூபாவில் எழுதுங்கள். பணம் முடிந்த பின் கிணற்றை யார் பராமரிப்பார் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

5. நம்பிக்கைக்குச் சான்று தருதல். சங்கத்தின் பதிவிலக்கம், வங்கிக் கணக்கு, முன்பு முடித்த ஒரு வேலை ஆகியவை போதும். எல்லாம் இரண்டு பக்கத்துக்குள் அடங்கவேண்டும். கேட்டாலன்றி இணைப்புகள் வேண்டாம்.

பதில் வராவிட்டால் ஒரு மாதத்தின் பின் பணிவாக நினைவூட்டுங்கள். மறுத்தால் நன்றி கூறிக் காரணம் கேளுங்கள். அடுத்த கடிதத்துக்கு அதுவே ஆசான்.

அப்படியானால் 1985ஐ மறைப்பதா? இல்லை. உண்மையை ஒரு வசனத்தில் சொல்லுங்கள். துயரத்தைக் கடைவிரிக்க வேண்டாம். நாம் பிச்சை கேட்கவில்லை. ஒரு வேலையில் பங்காளியைத் தேடுகிறோம்.

கடைசியாக ஒன்று. தபாலில் சேர்க்குமுன் கடிதத்தைச் சங்கக் கூட்டத்தில் உரத்து வாசியுங்கள். நான் அந்த ஆறு பக்கத்தை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால், "சுவாமி, எங்களுக்கு முதலில் கிணறு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு தாய் சொல்லியிருப்பார்.