துயர் தணிக்கும் தொண்டர்

நோயுற்றவரை மருத்துவரிடம் கொண்டு செல்கிறோம். மருத்துவர் நோய்க்கேற்ற மருந்து தருகிறார். நோய் நீங்கினால் யாவரும் மகிழ்கின்றனர். ஆனால், இனி இந்நோய் தீராது என்று மருத்துவர் கூறிவிட்டால், நோயாளி பெரும்பாலும் வீட்டிற்கே திரும்புகிறார். அதன்பின் அவர் நிலை யாது?

நோய் முற்ற முற்ற வலி பெருகுகிறது. நெடுநாள் படுத்திருப்பதால் படுக்கைப் புண் உண்டாகிறது. சேர்த்து வைத்த பொருள் மருந்திற்கே செலவாகிவிடுகிறது. பொருளீட்டி வந்தவரே படுத்துவிட்டால் பிள்ளைகளின் படிப்பும் தடைப்படுகிறது. இரவு பகலாக உடனிருந்து பேணும் மனைவியோ மகளோ உறக்கமின்றித் தளர்ந்து போகின்றனர். ஒருவருடைய நோய் ஒரு குடும்பத்தின் துயரமாகிறது. நோயை நீக்க இயலாது என்பது உண்மையே. ஆயினும், துயரத்தையும் தணிக்க இயலாது என்பது உண்மையன்று.

இதனை உலகிற்கு உணர்த்தியவருள் தலைசிறந்தவர் சிசிலி சாண்டர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1918 ஆம் ஆண்டில் பிறந்த இவர், முதலில் செவிலியாகவும், பின்னர் மருத்துவமனையில் நோயாளிகளின் குடும்ப நலம் பேணும் பணியாளராகவும் விளங்கினார். இலண்டன் மருத்துவமனை ஒன்றில், டேவிட் தாஸ்மா என்னும் போலந்து நாட்டு அகதி புற்றுநோயால் துன்புற்றுக் கிடந்தார். சிசிலி அவரைப் பலமுறை கண்டு ஆறுதலாக உரையாடினார். 1948 இல் உயிர் நீத்த தாஸ்மா, சிசிலி நிறுவ எண்ணிய இல்லத்திற்கென 500 பவுண்டு விட்டுச் சென்றார்.

அதன்பின் சிசிலி, செயின்ட் லூக் மருத்துவமனைக்குச் சென்று ஊதியம் பெறாத தொண்டராகப் பணிபுரிந்தார். வலி மீண்டும் தோன்றும்வரை காத்திராமல், குறித்த நேரந்தோறும் வலி தணிக்கும் மருந்தைக் கொடுக்கும் முறையை அங்கே கண்டார். அம்முறையை ஆராயும் விருப்பத்தால் மருத்துவம் பயின்று, 1957 இல் மருத்துவரானார். 1967 இல் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். உடல் நோவு மட்டுமன்றி, மனக்கவலையும் குடும்பத் தொல்லையும் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்பது அவர் கண்ட முடிவு.

நம் அண்டை மாநிலமாகிய கேரளம் இத்தொண்டிற்குப் புதுவழி கண்டது. 1993 இல், கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் இராஜகோபால், மருத்துவர் சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். நாடிவந்த நோயாளிகளோ பலர். மருத்துவரும் செவிலியரும் சிலரே. படுத்த படுக்கையாய் இருப்போர் நெடுந்தொலைவு வருவதும் அரிது. ஆகவே, 2000 ஆம் ஆண்டையொட்டி மலப்புரம் மாவட்டத்தில், ஊர் மக்களே தம் ஊர் நோயாளிகளைப் பேணும் அமைப்பு உருவாயிற்று. வாரத்தில் இரண்டு மணி நேரமேனும் ஒதுக்க இசைந்தவர்கள் தொண்டர்களாகச் சேர்க்கப்பட்டுப் பயிற்சி பெற்றனர்.

இத்தொண்டர்கள் செய்வன யாவை? செவிலியருடன் வீடுதோறும் செல்வர். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும் முறையையும், புண்ணைத் தூய்மை செய்யும் முறையையும் வீட்டாருக்குக் கற்பிப்பர். நோயாளியின் அருகில் தாம் அமர்ந்து, பேணுவோர் சிறிது நேரம் உறங்க வழி செய்வர். வறிய குடும்பத்திற்கு அரிசியும், பிள்ளைகளுக்குப் புத்தகமும் கிடைக்கச் செய்வர். நோயாளி இறந்த பின்னும் அவர்தம் இல்லத்தாரைக் கண்டு தேற்றுவர்.

தொண்டர் செய்யத் தகாதனவும் உண்டு. மருந்தின் அளவைத் தாமே மாற்றுதல் கூடாது. நோய் தீர்ந்துவிடும் எனப் பொய்யுரைத்தல் ஆகாது. வீட்டில் கேட்டதை வெளியே கூறுதல் தகாது. அறிவுரை மிகுதியாகக் கூறுவதினும், நோயாளி கூறுவதைப் பொறுமையுடன் கேட்பதே மேலானது.

கேரள அரசு 2008 இல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்து, ஊராட்சிகளையும் இப்பணியில் ஈடுபடுத்தியது. எனினும், சட்டமும் பொருளும் மட்டும் இத்தொண்டினை நிறைவாக்கா. மருந்து உடல் நோவைத் தணிக்கும்; தாம் கைவிடப்பட்டோம் என்னும் நோவைத் தணிக்க மனிதரே வேண்டும். அதற்குப் பெருஞ்செல்வமோ பெரும்புலமையோ தேவையில்லை. அண்டை வீட்டின் துயரைத் தம் துயராக எண்ணும் நெஞ்சமும், வாரத்தில் இரண்டு மணி நேரமும் உடையார் எவரும் இவ்வறத்தைச் செய்யலாம்.