ரெண்டாவதுதானே என்று இருந்துவிடாதீர்கள்!

'ரெண்டாவதுதானே? தும்மினா வந்துடும்! இதுக்குப் போய் ஏன் இவ்வளவு கவலை?'

இரண்டாம் முறை முழுகாமல் இருக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லாதவர்களே நம் பக்கத்தில் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிலிருந்து பஸ்ஸில் அருகில் உட்காரும் பாட்டி வரை எல்லோரும் சொல்வார்கள். தலைப்பிரசவத்துக்கு ஊரே கூடி நிற்கும். வளைகாப்பு, சீமந்தம், ஏழு வகைச் சாதம் என்று அமர்க்களப்படும். இரண்டாவதுக்கு அதெல்லாம் கிடையாது. இடுப்பில் மூத்த பிள்ளை, கையில் கரண்டி, வயிற்றில் இளையது என்று ஒன்பது மாதமும் ஓடிவிடும்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கத்தான் செய்கிறது. முதல் பிள்ளை சுகப்பிரசவமாகப் பிறந்திருந்தால், இரண்டாவதும் அப்படியே பிறக்கும் வாய்ப்பு அதிகம். நேரமும் குறைவு. ஆனால் 'சீக்கிரம் பிறந்துவிடும்' என்பது அலட்சியமாக இருக்கச் சொல்லும் காரணமா, சுறுசுறுப்பாக இருக்கச் சொல்லும் காரணமா? யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே!

ஏன் சீக்கிரம்?

முதல் பிரசவத்தில் கருப்பையின் வாய் முதலில் மெலிந்து, அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லத் திறக்கிறது. இரண்டாவதில் மெலிவதும் திறப்பதும் ஏறக்குறைய ஒன்றாகவே நடக்கும். இடுப்புத் தசைகளும் ஒரு முறை விரிந்து பழகியவை. அதனால் பிள்ளை கீழே இறங்க அவ்வளவு முக்க வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதற்குக் கணக்கே இருக்கிறது. கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகு முழுதும் திறக்க, முதல் பிரசவத்தில் 12 மணி நேரம் வரை ஆகலாம். அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. முழுதும் திறந்த பிறகு பிள்ளை வெளியே வர முதல் முறை 3 மணி வரை, பிறகு 2 மணி வரை. இவை மேல் எல்லைகள்தாம். பல பெண்களுக்கு இதைவிட வெகு சீக்கிரமே முடிந்துவிடுகிறது.

இன்னொரு விஷயம். தலைச்சனுக்குப் பெரும்பாலும் கடைசி சில வாரங்களிலேயே தலை இடுப்பெலும்புக்குள் இறங்கிவிடும். 'வயிறு இறங்கிடுச்சு, இனி நாள் அதிகமில்லை' என்று பெரியவர்கள் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இரண்டாவதில் வலி ஆரம்பித்த பிறகுதான் தலை இறங்குவது சகஜம். 'வயிறு இன்னும் இறங்கலையே, பத்து நாள் ஆகும்' என்று நம்பி ஊருக்குக் கிளம்புவதோ, ஆஸ்பத்திரிப் பையைக் கட்டாமல் இருப்பதோ கூடாது.

திண்டிவனமா, விழுப்புரமா?

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். இரண்டாவதுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எங்கே கைக்கு ஆள் இருக்கிறதோ அங்கே என்று குடும்பங்கள் முடிவு செய்கின்றன. இதில்தான் ஒரு சிக்கல். மாதா மாதம் பரிசோதனை ஓரிடம், பிரசவம் வேறிடம் என்று ஆகிவிடுகிறது.

எனக்குப் புகுந்த வீடு விழுப்புரம், பிறந்த வீடு திண்டிவனம். நடுவே கிட்டத்தட்ட 40 கிலோ மீட்டர். எட்டு மாதம் வரை விழுப்புரத்தில் காட்டிக்கொண்டேன். மூத்தவனுக்கு மூன்றரை வயது. அவனையும் பார்த்துக்கொண்டு என்னையும் பார்க்க அத்தைக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஒன்பதாம் மாதம் அம்மா வீட்டுக்கு வந்தேன். வந்த வாரமே அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய், அங்கே இருக்கும் ஆஸ்பத்திரியிலும் ஒரு தடவை காட்டிப் பெயரைப் பதிந்து வைத்தேன். 'எதுக்கு ரெண்டு இடத்துல?' என்று தம்பி கேட்டான்.

பதில் ஒரு ராத்திரியில் கிடைத்தது. பன்னிரண்டரை மணிக்கு இடுப்பில் ஆரம்பித்தது. அம்மா சீரகம் கொதிக்கவைத்துக் கொடுத்தார்கள். சூட்டு வலியாக இருந்தால் கேட்கும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கேட்கவில்லை. ஒன்றேகால் மணிக்கெல்லாம் ஏழு நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்தது. பெரியம்மா, 'மூத்தவனுக்கு பதினாறு மணி நேரம் ஆச்சே, பொழுது விடியட்டும்' என்றார்கள். தம்பியோ, 'விழுப்புரத்துக்கே போயிடலாம். உன்னைப் பார்த்த டாக்டரம்மா அங்கேதானே இருக்காங்க?' என்றான். எனக்கு இரண்டும் சரிப்படவில்லை. 'கிட்ட இருக்கிற இடத்துக்குப் போவோம், இப்பவே போவோம்' என்றேன். ஆட்டோவில் பத்து நிமிஷம். உள்ளே போனதும் நர்சம்மா பார்த்துவிட்டு, 'ஆறு சென்டிமீட்டர் திறந்திருக்கும்மா!' என்றார். மூன்று மணி அடித்து ஐந்து நிமிஷத்தில் மகள் பிறந்துவிட்டாள்.

விடியட்டும் என்று இருந்திருந்தால் வீட்டுக் கூடத்தில் பிறந்திருப்பாள். விழுப்புரம் கிளம்பி, வழியில் ஒரு லாரி மறித்திருந்தால் விக்கிரவாண்டி டோல்கேட்டில் பிறந்திருப்பாள்!

ஆகவே எங்கே பிரசவம் என்பதை எட்டாம் மாதத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள். இடம் மாறினால் புது இடத்தில் ஒரு தடவையாவது காட்டி வையுங்கள். பிக்மி எண்ணையும் ரத்தப் பிரிவையும் அட்டையின் மேல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். கஷ்டமான கேஸ் என்றால் எங்கே அனுப்புவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விழுப்புரம் பக்கத்தில் 2010 முதல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரும் இரண்டு ஊருக்கும் எட்டும் தூரம்தான்.

சூட்டு வலியா, நிஜ வலியா?

இரண்டாவது முறை சூட்டு வலி அடிக்கடி வரும். படுத்தால், நடந்தால், தண்ணீர் குடித்தால் அது அடங்கிவிடும். இடைவெளி ஒழுங்காக இருக்காது. நிஜ வலி இடுப்பின் பின்னாலிருந்து முன்வயிற்றுக்குச் சுற்றி வரும். வயிறு கல் மாதிரி இறுகி இளகும். நேரம் போகப் போக இடைவெளி குறையும், வலி கூடும். கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். தலைப்பிரசவத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று என்று ஆகும் வரை வீட்டில் இருக்கலாம் என்பார்கள். இரண்டாவதுக்கு அது வேண்டாம். பத்து நிமிஷத்துக்கு ஒன்று என்று ஒழுங்காக வர ஆரம்பித்தாலே கிளம்பிவிடுங்கள்.

வலியே இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டிய சமயங்கள் உண்டு:

* பனிக்குடம் உடைந்தால் (நீர் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது)
* ரத்தம் போனால்
* குழந்தையின் அசைவு குறைந்தால்
* பொறுக்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், வலிப்பு
* காய்ச்சல்

வலியைத் தூண்டுகிறேன் என்று விளக்கெண்ணெய் குடிப்பதும், வழக்கமில்லாத கஷாயம் குடிப்பதும் வேண்டவே வேண்டாம்.

பிரசவ அறையில்

வலி வருகிறபோது படுத்தே கிடக்க வேண்டும் என்பதில்லை. நடக்கலாம், உட்காரலாம், ஒருக்களித்துப் படுக்கலாம். சிக்கல் இல்லாத பிரசவமானால் கஞ்சி, பால், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே வைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004லேயே தொடங்கியது. அம்மாவோ, அக்காவோ, மாமியாரோ, யார் பக்கத்தில் இருந்தால் உங்களுக்குத் தைரியம் வருமோ அவரை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். என் அம்மா முதுகைத் தேய்த்துவிட்டது எந்த ஊசிக்கும் குறைந்ததில்லை.

முக்குவதற்கு அவசரப்படாதீர்கள். முழுதும் திறக்கும் முன்னே முக்கினால் உடம்புதான் அசந்துபோகும். தலை வெளியே வரும் நேரத்தில் நர்ஸ் 'போதும்மா, மூச்சு மட்டும் விடு' என்பார். அப்போது வாயைத் திறந்து ஊதி ஊதி மூச்சு விட்டால் கிழிசல் குறையும். வயிற்றை மேலிருந்து அமுக்குவது, எல்லோருக்கும் தவறாமல் கத்தரி வைப்பது இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் இப்போது சிபாரிசு செய்வதில்லை.

பிள்ளை பிறந்ததும் தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போடுவார்கள். ரத்தப்போக்கைத் தடுக்கும் ஊசி அது. வேண்டாம் என்று சொல்லாதீர்கள். குழந்தையைத் துடைத்து நெஞ்சின் மேல் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிட வேண்டும். சர்க்கரைத் தண்ணீரும் தேனும் தேவையில்லை.

வழியிலேயே வந்துவிட்டால்?

பயப்படாதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். காலை இறுக்கிக்கொண்டு பிள்ளையைத் தடுக்க முயல்வது ஆபத்து. சுத்தமான துணியில் குழந்தையைப் பிடித்து, நன்றாகத் துடைத்து, தாயின் மார்போடு அணைத்து இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். கொடியை இழுக்காதீர்கள். கையில் கிடைத்த பிளேடால் அறுக்கவும் வேண்டாம். அப்படியே ஆஸ்பத்திரி போய்ச் சேருங்கள். ஒன்பதாம் மாதத்திலிருந்து பையில் இரண்டு சுத்தமான துண்டும் ஒரு பழைய பருத்திப் புடவையும் எப்போதும் இருக்கட்டும்.

பிறந்த பிறகும் வலியா?

இது பலருக்கும் யாரும் சொல்லித் தராத விஷயம். இரண்டாவதுக்குப் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் அடிவயிறு சுருட்டிப் பிடிக்கும். 'பிரசவம் முடிஞ்சும் வலிக்குதே' என்று கலங்க வேண்டாம். குழந்தை பால் குடிக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருக்குகிறது. ஒரு முறை விரிந்த கருப்பை என்பதால் இரண்டாவது தடவை அந்தச் சுருக்கம் உறைக்கிறது. இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுதும் நனைந்து போனாலோ, பெரிய கட்டிகள் விழுந்தாலோ, தலை சுற்றினாலோ, வாடை வீசினாலோ உடனே சொல்ல வேண்டும்.

உங்கள் ரத்தம் நெகடிவ் பிரிவா? கணவருடையது பாசிடிவா? அப்படியானால் இரண்டாவது பிள்ளைக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும். முதல் பிரசவத்தில் குழந்தையின் பாசிடிவ் ரத்தம் தாயின் உடம்பில் கலந்து, அதற்கு எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கலாம். அது அடுத்த குழந்தையின் ரத்த அணுக்களை அழிக்கும். இதற்காகத்தான் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் 'ஆன்டி-டி' ஊசி. தலைச்சனுக்குப் போட்டார்களா என்று பழைய சீட்டை எடுத்துப் பாருங்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

மூத்தவனும் குழந்தைதான்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மூத்தவன் நகத்தைக் கடிப்பான், படுக்கையை நனைப்பான், மடியில் ஏறுவான். அடிக்காதீர்கள். முன்னாலேயே வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, 'பாப்பா வரப்போகுது' என்று பழக்கிவிடுங்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளில் அவன் யாரோடு தூங்குவான் என்பதை இரண்டு மூன்று ராத்திரி ஒத்திகை பாருங்கள். ஒரு நாளில் அரை மணி நேரம், பாப்பா இல்லாமல், அவனுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள்.

சுகப்பிரசவம் வேண்டும், ஆனால்...

தமிழ்நாட்டில் இப்போது நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு அப்படிச் சொல்கிறது. அதே கணக்கில் சிசேரியன் 44.9 சதவிகிதம்! சுகப்பிரசவத்துக்கு ஆசைப்படுவது நியாயமே. ஆனால் சுகப்பிரசவம் என்றால் வீட்டுப் பிரசவம் என்று அர்த்தமில்லை. முதல் பிள்ளை சிசேரியன் என்றாலும் இரண்டாவது சுகமாகப் பிறக்க வழியுண்டு. ஆனால் அது ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரியில், டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகே. பழைய தையல் பிரிந்தால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. நஞ்சு வாயை மறைத்திருந்தால், குழந்தை குறுக்கே கிடந்தால் சிசேரியன்தான் உயிர் காக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரசவத்தை நல்லபடியாக முடித்துத் தருவது முந்தைய மாதங்களின் பராமரிப்புத்தான். முதல் பிள்ளைக்கும் அடுத்த கருவுக்கும் நடுவே குறைந்தது இரண்டு வருஷம் இடைவெளி இருக்கட்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையாமல் இருக்க இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் விழுங்குங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, மீன் என்று வீட்டில் இருப்பதை, எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சமிருந்தால் என்று இல்லாமல், முதலில் உங்கள் தட்டில் போட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி இரண்டாவது பிரசவத்துக்கும் உண்டு. கிராம சுகாதார நர்ஸிடம் ஆரம்பத்திலேயே கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

'இதோடு போதும்' என்று தோன்றினால், அதையும் பிரசவத்துக்கு முன்பே கணவரும் நீங்களும் பேசி வையுங்கள். சுகப்பிரசவமானால் ஏழு நாளுக்குள் கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளலாம். 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம். கத்தியில்லாத வாசக்டமி கணவருக்கும் இருக்கிறது. அது இன்னும் எளிது. வலியில் துடிக்கும்போது நீட்டுகிற பாரத்தில் கையெழுத்துப் போடும் விஷயமா இது?

கடைசியாக, மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. 'ரெண்டாவதுதானே' என்று சொல்ல வாயெடுக்கும்போது, 'பையைக் கட்டியாச்சா, வண்டிக்குச் சொல்லியாச்சா?' என்று கேட்டுவிடுங்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு நீங்கள் செய்யும் பெரிய வளைகாப்பு அதுதான்!