வேதிப்பொருள் கூருணர்வு உடையோருக்குப் பாதுகாப்பான வீடு

புது வண்ணப்பூச்சு, வார்னிஷ், கொசுவர்த்திச் சுருள், கரையான் மருந்து ஆகியவற்றின் நெடி பட்டவுடன் சிலருக்குத் தலைவலி, குமட்டல், இருமல், மூச்சுத்திணறல் ஏற்படும். இதுவே வேதிப்பொருள் கூருணர்வு. இதனை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை ஏதுமில்லை. எனினும் நோயாளியின் துன்பம் உண்மையானது. ‘மனப்பிரமை’ என ஒதுக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளதா என்பதையும் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

வீடு ஏன் முக்கியம்?

பிளைவுட் பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு வெளியேறுகிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகும்போது இது அதிகரிக்கும். எனவே, புதிதாக மரவேலை செய்து வண்ணம் பூசிய வீட்டில் உடனே குடியேறுதல் நன்றன்று.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது:

• முன்பணம் கொடுப்பதற்கு முன், நோயாளி அவ்வீட்டில் சிறிது நேரம் இருந்து பார்க்கட்டும். சன்னல்கள் எதிரெதிரே அமைந்து காற்றோட்டம் உள்ளதா எனக் கவனியுங்கள்.
• தவிர்க்க வேண்டிய பொருள்களைக் குறிப்பிட்டு மருத்துவரிடம் கடிதம் பெற்று, வீட்டு உரிமையாளரிடம் அளியுங்கள்.
• தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி எழுத்துமூல ஒப்பந்தம் தேவை. வண்ணம் பூசுதல், பூச்சிமருந்து தெளித்தல் ஆகியவற்றை ஒரு வாரம் முன்னரே தெரிவிக்க வேண்டும் என்னும் நிபந்தனையை அதில் சேர்க்கக் கோருங்கள்.
• அடுக்குமாடிக் குடியிருப்பாயின், குடியிருப்போர் சங்கத்திடமும் இதே கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

பலரிடம் விளக்கிச் சொல்லி நோயாளி சோர்ந்திருக்கலாம். அவர் சார்பில் நீங்கள் பேசுங்கள். மூச்சுத்திணறல் கடுமையானால், அவரைத் தூய காற்றுள்ள இடத்திற்கு அழைத்து வந்து, உடனே 108 எண்ணை அழையுங்கள்.