முதுமையும் அமைதி மாத்திரையும்

முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன் நான். மருத்துவம் பயின்றவன் அல்லன். ஆயினும், என் தமக்கையார்க்கு நான் இழைத்த ஒரு பிழை, மருந்தைக் குறைக்கும் முறையைக் கற்றுக்கொள்ள வைத்தது. அதனையே இன்று சொல்ல விழைகின்றேன்.

அத்தான் காலமானபோது அக்காவின் மனக்கலக்கத்திற்கென ஒரு மருத்துவர் அல்பிரசோலம் மாத்திரையைச் சில வாரங்களுக்கு எழுதிக் கொடுத்தார். சில வாரங்கள் ஒன்பது ஆண்டுகளாயின. 76-ஆம் வயதில் ஓர் இரவு கொல்லைப்புறம் செல்ல எழுந்தவர், நிலைப்படியில் தடுமாறி விழுந்தார். மாத்திரையே காரணம் என்று துணிந்த நான், தலைமையாசிரியத் தோரணை மாறாமல், டப்பாவை எடுத்துக் குப்பையில் எறிந்தேன். இரண்டாம் இரவு அவருக்கு உறக்கமில்லை. வியர்த்தது, கைகள் நடுங்கின. மூன்றாம் நாள் வலிப்பு வந்துவிட்டது.

நான் ஐயுற்றது தவறன்று. செய்த முறையே தவறு என்றார் மருத்துவர்.

இம்மருந்துகள் பென்சோடையசிபைன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலறிஞரின் ஆய்விலிருந்து 1960-இல் லிப்ரியமும் 1963-இல் வேலியமும் விற்பனைக்கு வந்தன. மூளையில் காபா என்றொரு பொருள் நரம்புகளின் பரபரப்பை அடக்குகின்றது. இம்மருந்து அதற்குத் துணைநின்று அவ்வடக்கத்தை மிகுவிக்கின்றது. தடைக்கட்டையை அழுத்தியபடியே நெடுந்தொலைவு வண்டி ஓட்டுவதாக எண்ணுங்கள். மாடுகள் அதற்கேற்ப மேலும் வலிந்து இழுக்கப் பழகிவிடும். கட்டையைச் சட்டென்று விட்டால் என்ன ஆகும்? அக்காவுக்கு நேர்ந்தது அதுவே.

முதியோர்க்கு இடர் இருமடங்கு. அவர்தம் உடலில் இம்மருந்துகளுட் பல மெல்லக் கழிகின்றன. மூளையோ அவற்றுக்கு மிகுதியாக மசிகின்றது. எனவே தள்ளாட்டமும், எலும்பு முறிவும், குழப்பமும் வருகின்றன. மறதி வந்தால் நாம் வயதின்மேல் பழிபோட்டு விடுகின்றோம். முதியோர்க்கு ஏற்காத மருந்துகளென 1991-இல் மார்க் பியர்ஸ் என்னும் மருத்துவர் தொடங்கி வைத்த அமெரிக்கப் பட்டியலிலும் இவற்றுக்கு இடமுண்டு.

பின் எவ்வாறு விடுவது? முதலில் மருத்துவர் பழைய அளவையே மீண்டும் தொடங்கி, அக்கா நிலைபெறும் வரை காத்திருந்தார். பிறகே குறைப்பு. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, 5 முதல் 10 விழுக்காடு வரை குறைத்துத் தொடங்கலாம் என்பது 2025-இல் அமெரிக்க மருத்துவர் சங்கங்கள் சில கூடி வெளியிட்ட நெறிமுறை. இங்கே கணக்காசிரியனாக ஒரு சொல்: 10 விழுக்காடு என்பது தொடக்க அளவில் அன்று, அவ்வப்போது உண்ணும் அளவில். 1 மில்லிகிராம் 0.9 ஆகும், அடுத்தது 0.8 அன்று, 0.81. மாத்திரையை அத்துணை நுட்பமாக நறுக்க இயலாதாகையால், 0.25 மில்லிகிராம் மாத்திரையின் கால் துண்டுகளுக்கு ஏற்ப மருத்துவரே அளவைச் சரிசெய்து எழுதித் தந்தார். உறக்கம் மிகவும் கெட்ட மாதத்தில் குறைக்காமல் நின்றோம். ஆனால் ஏறிய படியில் திரும்ப இறங்கவில்லை.

“தம்பி, பள்ளிக்கூடத்தை நடத்தினாய், என் தலையையும் நடத்தப் பார்க்கிறாயா?” என்று அக்கா சினந்த நாள்களும் உண்டு. அவர் சினத்தில் நியாயம் இருந்தது. நோயாளியின் மனம் இசையாமல் இது நடவாது. கனடாவின் கியூபெக்கில் நடந்து, 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், இம்மருந்தின் தீங்கையும் படிப்படியாக விடும் முறையையும் விளக்கிய சிறு கையேட்டை முதியோரிடமே கொடுத்தனர். ஆறு மாதத்தில் அவர்களுள் 27 விழுக்காட்டினர் மருந்தை விட்டனர். கையேடு பெறாதாருள் விட்டவர் 5 விழுக்காட்டினரே. இதைப் படித்தபோது ஆசிரியன் என்ற முறையில் எனக்குச் சற்றுப் பெருமிதம்தான்.

உங்கள் இல்லத்திலும் இத்தகைய டப்பா இருக்கலாம். மருத்துவரைக் காணும் வரை அதன்மேல் கை வைக்காதீர்கள். வலிப்பு நோயுடையோர்க்கும் மதுப் பழக்கமுடையோர்க்கும் இது மேலும் இன்றியமையாதது.

அக்காவுக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. கடைசிக் கால் துண்டுக்கு மட்டுமே இரண்டு மாதம். இன்றும் சில இரவுகளில் இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கின்றார். விழித்தால் விளக்கைப் போட்டு என்னையும் எழுப்பி, டப்பாவை எறிந்த கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்கின்றார்.