கால்வாயும் ரயில் பாதையும்

சென்னை நகரின் நடுவே செல்லும் பக்கிங்ஹாம் கால்வாய், கால்வாய் என்னும் பெயருக்கே அருகதையற்றுக் கிடக்கிறது. அதன் படுகையில் காங்கிரீட் தூண்கள் நிற்கின்றன. தூண்களின் மேல் பறக்கும் ரயில் ஓடுகிறது. கீழே சாக்கடை தேங்குகிறது. படகுகள் நின்றுபோன ஒரு பழைய கால்வாயை ஜனங்களுக்கு உபயோகமான பாதையாக மாற்றியதில் என்ன தவறு என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. விடை கூறுமுன் அக்கால்வாயின் சரித்திரத்தைச் சிறிது கவனிப்போம்.

1806-ம் வருஷத்தில் பேஸில் காக்ரேன் என்னும் வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல் தூரத்துக்கு ஒரு கால்வாய் வெட்டுவித்தார். பின்னர் அது படிப்படியாக நீட்டப்பட்டு, ஆந்திர நாட்டுப் பெத்தகஞ்சாமிலிருந்து நமது மரக்காணம் வரை சுமார் 420 கிலோ மீட்டர் தூரமுள்ள நீர்வழியாயிற்று. இதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடிய காலத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசியால் மெலிந்த ஏழைகள் சொற்பக் கூலிக்கு மண் வெட்டிச் சுமந்தார்கள். அப்பொழுது கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் 1878-ல் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயரை யாரும் அறியார்.

நெடுங்காலம் விறகும் நெல்லும் உப்பும் இக்கால்வாய் வழியே படகுகளில் நகரத்துக்கு வந்தன. ரயிலும் லாரியும் பெருகின. புயல்கள் கரைகளைச் சிதைத்தன. தூர் வாருவது குறைந்தது. நகரத்தின் கழிவுநீர் அதில் விடப்பட்டது. படகுகள் மறைந்தன. கைவிடப்பட்ட கால்வாய் என்ற பட்டம் அதற்குக் கிடைத்தது. பறக்கும் ரயிலுக்குப் பாதை தேடியவர்களுக்கு இது வசதியாயிற்று. தனியார் நிலத்தை வாங்குவதானால் பணமும் வேண்டும், வழக்குகளையும் சந்திக்க வேண்டும். கால்வாயோ சர்க்கார் சொத்து, ஆட்சேபிக்க வாயில்லாதது. 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997-ல் திருமயிலை வரையிலும், 2007-ல் வேளச்சேரி வரையிலும் ரயில் ஓடத் தொடங்கியது. திருமயிலை நிலையம் கால்வாயின் மீதே எழுப்பப்பட்டிருக்கிறது.

ரயில் வேண்டாமென்பது நமது கட்சியன்று. தினந்தோறும் அதில் வேலைக்குச் செல்லும் சாமானிய ஜனங்களின் சௌகரியத்தை நாம் அறிவோம். நமது ஆட்சேபம் வேறு. கால்வாய்க்கு இரண்டு கடமைகள் இருந்தன. ஒன்று சரக்கைச் சுமப்பது. மற்றொன்று மழைநீரைச் சுமப்பது. முதற்கடமை நின்றுபோனதைக் கண்டவர்கள் இரண்டாவதை மறந்துவிட்டார்கள். படகுக்காரர் கால்வாயைக் கைவிட்டார், மழை கைவிடவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாக இக்கால்வாயை அடைந்தே கோவளத்தில் கடலில் கலக்கவேண்டும். கூவத்தின் முகத்துவாரமும் அடையாற்றின் முகத்துவாரமும் மணலால் அடைபடுபவை. அப்படிப்பட்ட நகரத்தில், இரண்டையும் இணைக்கும் நீர்வழியைக் குறுக்குவது விவேகமாகுமா? 2015-ம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்கு இத்தூண்களே காரணமென்று நாம் சாதிக்கவில்லை. அதற்குக் காரணங்கள் பல. ஆயினும் நீர் செல்லும் இடம் ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தவர்கள், நீர் வீட்டுக்குள் புகுந்தபோது ஆச்சரியப்படுவதற்கில்லை.

இதில் மற்றோர் அநீதியும் அடங்கியிருக்கிறது. கால்வாய்க் கரையில் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பல, ஆக்கிரமிப்பாளர் என்னும் பெயரோடு கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டன. குடிசை நின்றால் ஆக்கிரமிப்பு. ரயில் நிலையம் நின்றால் அபிவிருத்தி! நீரின் பாதையை அடைப்பது குற்றமானால் அதை யார் செய்தாலும் குற்றமே. சட்டத்துக்கு இரண்டு முகங்கள் இருத்தலாகாது. பெரும்பாக்கமோ சதுப்பு நிலத்தை அடுத்துள்ள தாழ்ந்த பூமி. வெள்ளத்துக்கு வழிவிடுவதற்காக அப்புறப்படுத்தப்பட்டவர்கள், வெள்ளம் தேங்கும் இடத்திலேயே குடியேற்றப்பட்டார்கள்.

2008-ல் காக்கிநாடாவுக்கும் புதுச்சேரிக்கும் இடையேயுள்ள நீர்வழியைத் தேசிய நீர்வழியாகப் பார்லிமெண்டு பிரகடனம் செய்தது. சென்னைக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள பக்கிங்ஹாம் கால்வாய் அதில் சேர்ந்தது. வடக்கேயுள்ள படகு தெற்கே வரவேண்டுமானால் நடுவிலுள்ள தூண்களை என்ன செய்வது? ஒரு கை கட்டியதை மறு கை அறியாத நிர்வாகத்துக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

ஹாலந்து தேசத்து உட்ரெக்ட் நகரத்தாரும் இத்தகைய காரியம் செய்தவர்களே. பழைய அகழியின் ஒரு பகுதியைத் தூர்த்து, 1970-களின் தொடக்கத்தில் மோட்டார் சாலையாக்கினார்கள். 2002-ல் பொது ஜன வாக்கெடுப்பு நடந்தது. சாலையைப் பெயர்த்து 2020-ல் அங்கே மீண்டும் நீரை ஓடவிட்டார்கள். கட்டியதை மாற்றலாகாது என்னும் விதி எங்கும் இல்லை என்பதற்கு இது சாட்சி.

நமது தூண்களைப் பெயர்க்குமாறு நாம் கோரவில்லை. மூன்று காரியங்களைக் கோருகிறோம். கால்வாயின் பழைய அகலத்தையும் இன்றைய அகலத்தையும் அளந்து தமிழில் பகிரங்கமாக வெளியிடவேண்டும். அதில் கழிவுநீர் விடுவதை நிறுத்தி, ஆண்டுதோறும் மழைக்கு முன்னர்த் தூர் வாரவேண்டும். இனி எந்த நீர்வழியின் மீதும் பாதை போடும் உத்தேசமிருந்தால், முதல் தூண் நடுவதற்குமுன் ஜனங்களின் ஆட்சேபங்களைக் கேட்டு, அவற்றுக்கு எழுத்து மூலம் பதிலளிக்கவேண்டும். பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களின் உழைப்பால் உண்டான பொதுச் சொத்து இது. அதைக் கைவிடும் உரிமையை எந்த அதிகாரிக்கும் ஜனங்கள் கொடுக்கவில்லை.