எந்தத் தூரைப் பிடுங்குவது?

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)

வாசகங்கள்: 2 கொரிந்தியர் 6:14-18, கலாத்தியர் 2:11-14, யோவான் 17:20-23



போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் நம் கோயிலுக்கு வருகிறவர் உண்டு. சி.எஸ்.ஐ. சபையார் உண்டு. பெந்தெகோஸ்து சபைக்கும் வேறு தனிச் சபைகளுக்கும் போகிறவர்களும் உண்டு. மதியம் தூக்குவாளியைத் திறந்தால் குழம்பு கைமாறும்.

ஆனால் ஒரு வீட்டில் கல்யாணம், துக்கம் என்று வரும்போது நிலைமை மாறிவிடுகிறது. ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரே கோயில் வாசலோடு நின்றுகொள்கிறார். “உள்ளே வாங்கக்கா” என்றால், “இல்லக்கா, அது சமரசம் ஆயிரும். எங்க சபையில ஒத்துக்க மாட்டாங்க” என்கிறார். நமக்கு மனம் வலிக்கிறது. சிலருக்குக் கோபமும் வருகிறது. அப்படி நிற்கிறவரின் மனத்தில் இருப்பது என்ன என்பதை இன்று பொறுமையாகப் புரிந்துகொள்ள முயல்வோம்.

‘சமரசம்’ நம் தமிழில் நல்ல சொல். சண்டை தீர்ந்தால் சமரசம் என்கிறோம். வள்ளலார் தம் நெறிக்கே சமரச சன்மார்க்கம் என்று பெயர் வைத்தார். ஆனால் சில கிறிஸ்தவ சபைகளில் இதுவே கடுமையான குற்றச்சாட்டு. உண்மையை விட்டுக்கொடுத்து உறவைக் காப்பாற்றிக்கொள்வது என்று அங்கே அதற்குப் பொருள். அதற்கு மாற்றாக அவர்கள் சொல்வது ‘பிரிந்திருத்தல்’. இந்தப் போதனை மிகக் கூர்மையாக வளர்ந்த இடம் பாப்டிஸ்ட் சபைகளில் ஒரு பகுதி. ஆகவே அவர்களுடைய வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1609-இல், ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் புகுந்திருந்த ஆங்கிலேயர் சிலரிடம் இந்த இயக்கம் தொடங்கியது. தானே விசுவசித்து அறிக்கையிடுகிறவருக்குத்தான் திருமுழுக்கு, குழந்தைக்கு இல்லை என்பது அவர்கள் கொள்கை. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும். மேலே ஆயரும் இல்லை, திருத்தந்தையும் இல்லை. 1793-இல் வங்காளத்துக்கு வந்த வில்லியம் கேரி பாப்டிஸ்ட்தான். ஆந்திராவில் நெல்லூர், ஓங்கோல் பக்கங்களிலும், நாகாலாந்திலும் அவர்கள் பெருந்தொகையினர். தமிழகத்தில் குறைவு. 1861-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்’ சேலம், நாமக்கல் பக்கங்களில் பணி செய்தது. ‘ஸ்டிரிக்ட்’ என்றால் கண்டிப்பு. விசுவசித்து மூழ்கித் திருமுழுக்குப் பெற்றவருக்கு மட்டுமே அவர்கள் திருவிருந்தில் இடம் உண்டு. அந்த மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் கொல்லிமலையில் குடியேறி, நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து, பள்ளி நடத்தி வாழ்ந்தார்கள். 1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் அந்த மலையிலேயே இறந்தார். கொல்லிமலையில் பிறந்த அவர் மகன் பால் பிராண்டுதான், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய மருத்துவர். கண்டிப்பான சபை என்றால் அன்பில்லாத சபை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறோம்.

அவர்களுக்குள் பிரிவினை எப்படி வந்தது? 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், விவிலியத்தில் உள்ள அற்புதங்களையும் கிறிஸ்துவின் பலியையும் குறித்துச் சில போதகர்கள் ஐயம் எழுப்பத் தொடங்கினார்கள். லண்டனில் புகழ்பெற்ற பாப்டிஸ்ட் போதகராயிருந்த ஸ்பர்ஜன் தம் மாத இதழில் எச்சரித்தார். அந்தச் சர்ச்சைக்கு ‘இறக்கம்’ என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரே நிலைத்தது. மெட்டிலிருந்து இறங்கும் வண்டி பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை. தம் எச்சரிக்கை எடுபடாததால் 1887-இல் அவர் பாப்டிஸ்ட் சங்கத்தை விட்டு விலகினார்.

அமெரிக்காவில் 1910 முதல் 1915 வரை, விசுவாசத்தின் அடிப்படைகளைக் காக்கும் நோக்கத்தோடு பன்னிரண்டு தொகுதிகள் வெளியிடப்பட்டன. அந்த அடிப்படைகளுக்காகப் போராடுகிறவர்களுக்கு ‘அடிப்படைவாதிகள்’ என்று 1920-இல் பெயர் சூட்டியவரும் ஒரு பாப்டிஸ்ட் பத்திரிகை ஆசிரியர்தான். அன்று அது வசைச்சொல் இல்லை. கிறிஸ்துவின் கன்னிப் பிறப்பு, மீட்பின் பலி, உடலோடு உயிர்த்தெழுதல், மீண்டும் வருகை ஆகியவற்றை அவர்கள் காத்தார்கள். ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் நாமும் இவற்றையே சொல்கிறோம்.

அடுத்த திருப்பம் நம் பக்கத்தையும் தொட்ட ஒருவரால் வந்தது. 1956-இல் பில்லி கிரகாம் இந்தியா வந்து, சென்னையிலும் பாளையங்கோட்டையிலும் கோட்டயத்திலும் பெருங்கூட்டங்களில் பேசினார். அவரும் பாப்டிஸ்ட். மறு ஆண்டு நியூயார்க்கில் அவர் நடத்திய நற்செய்திக் கூட்டங்களுக்கு, அடிப்படைகளில் தளர்ந்த சபைகளும் சேர்ந்திருந்த ஒரு கூட்டமைப்பு ஆதரவு தந்தது. கண்டிப்பான பாப்டிஸ்ட் தலைவர்கள் பலர், “இது சமரசம்” என்று அவரோடு உறவை முறித்துக்கொண்டார்கள். கிரகாமின் போதனை தவறு என்பதைவிட, தவறானவர்களோடு சேர்ந்து மேடை ஏறினார் என்பதுதான் குற்றச்சாட்டு. இங்கே பிறந்தது இரண்டாம் நிலைப் பிரிவு: தவறு செய்தவரை விட்டுப் பிரிவதோடு நிற்காமல், அவரை விட்டுப் பிரியாதவரையும் விட்டுப் பிரிவது. அப்படிக் கிரகாமை விட்டு விலகிய ஜான் ஆர். ரைஸும் இளைய பாப் ஜோன்ஸும் 1971-இல் தங்களுக்குள்ளேயே பிரிந்தார்கள். யாரோடு மேடையைப் பகிரலாம் என்பதே அப்போதும் கேள்வி.

நேயர்களே, ஏலக்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு ‘கட்டே’ என்கிற தேமல் நோய் தெரியும். இலையில் வெளிறிய கோடுகள் ஓடும், செடி குறுகும், காய்ப்பு நின்றுபோகும். அதற்கு மருந்து இல்லை. அசுவினிப் பூச்சி அடுத்த செடிக்குக் கொண்டுபோய்விடும் என்பதால், நோய் கண்ட தூரை வேரோடு பிடுங்கி அழித்துவிட வேண்டும். “பாவம், ஒரு தூர்தானே” என்று விட்டுவைத்தால் தோட்டமே போய்விடும். பிரிந்திருத்தலைப் போதிப்பவர்களின் மனத்தில் இருப்பது இந்த அச்சம்தான். இது வீண் அச்சம் இல்லை. அவிசுவாசத்தோடு ஒரே நுகத்தில் பிணைந்துகொள்ள வேண்டாம் என்று கொரிந்தியருக்கு எழுதும்போது பவுலும் இந்தக் கவலையோடுதான் எழுதுகிறார். எதையும் ஒத்துக்கொள்வது அன்பு ஆகாது.

ஆனால் நோய் கண்ட தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, நோயில்லாத தூரையும் எந்தத் தோட்டக்காரர் பிடுங்குவார்? பிடுங்கினால், அதற்குப் பக்கத்தில் இருப்பதையும் அல்லவா பிடுங்க வேண்டும்! இப்படியே போனால் நோய் அழிவதற்கு முன்னால் தோட்டம் அழிந்துவிடும். களைகளைப் பறிக்கப் போய்க் கோதுமையையும் பிடுங்கிவிடாதீர்கள் என்று மத்தேயு நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லும் உவமையில் இந்த எச்சரிக்கை இருக்கிறது.

“அப்படியானால் தவறு அவர்களுடையதுதானே” என்று நாம் நிம்மதியாக எழுந்துபோக முடியுமா? முடியாது. நம் நற்கருணைப் பந்தியும் மற்றச் சபையாருக்குப் பொதுவாகத் திறந்ததில்லை. விசுவாசத்தில் முழு ஒன்றிப்பு இல்லாமல் ஒரே அப்பத்தில் பங்குகொள்வது பொய்யான அடையாளம் ஆகிவிடும் என்பது நம் திருச்சபையின் படிப்பினை. தரங்கம்பாடியில் 1919-இல் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியபோது, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றானார்கள். லூத்தரன்களும் பாப்டிஸ்ட்களும் வெளியே நின்றார்கள். நாமும் அதில் இல்லை. வாசலில் நிற்கிறவரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் குடும்பங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீரில் முறையாகத் திருமுழுக்குப் பெற்று நம்மிடம் வருகிறவருக்கு நாம் மறுபடி திருமுழுக்குக் கொடுப்பதில்லை. அவர்களோ, நம் குழந்தைத் திருமுழுக்கை ஏற்பதில்லை. திருமணப் பேச்சில் இது பெரிதாகும். பாப்டிஸ்ட் வீட்டில் பிறந்த பையன் வளர்ந்தும் திருமுழுக்குப் பெறாமல் இருக்கலாம். பெற்றவர் என்றால் கலப்புத் திருமணத்துக்கு ஆயரின் அனுமதி வேண்டும். பெறாதவர் என்றால் அனுமதி போதாது. தடைநீக்கம் பெற்றாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் திருமணம் செல்லாது. தேதி குறித்து மண்டபம் பிடித்த பிறகு வராமல், பேச்சு தொடங்கும்போதே பங்குத்தந்தையிடம் வாருங்கள்.

இப்போது கலாத்தியர் வாசகத்துக்கு வருவோம். அந்தியோக்கியாவில் பேதுரு முதலில் பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேர் கண்டித்தார். நற்செய்தியின் உண்மைக்கு அது ஒத்துவரவில்லை என்றார். கவனியுங்கள்: பேதுரு செய்த சமரசம் எது? பந்தியை விட்டுப் பிரிந்ததுதான்! அந்தப் பிரிவே சமரசம். அதைக் கண்டித்த பவுலோ பேதுருவை விட்டுப் பிரிந்து தனிச் சபை தொடங்கவில்லை.

இந்த வாசகம் நம் மண்ணில் யாரைச் சுடுகிறது? மதுரையிலும் பெரியகுளத்திலும் பணி செய்த அமெரிக்க மதுரை மிஷன், 1847-இல் சாதியைக் கைவிட மறுத்தவர்களைத் திருவிருந்திலிருந்து விலக்கிவைத்தது. உபதேசியார்களே சிலர் விலக நேர்ந்தது. மிஷன் பின்வாங்கவில்லை. நாம் என்ன செய்தோம்? நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில், 1872-இல் எழுந்த நம் கோயிலில் இரண்டு சாதியார் தனித்தனியே உட்கார இரண்டு கூடங்கள் கட்டினோம். நடுவில் ஒரே பீடம். மக்கள் அதைக் கால்சட்டைக் கோயில் என்றார்கள். 1910-இல் தான் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள்.

கல் சுவர் இடிந்தது. கல்லறைத் தோட்டத்துச் சுவர்? திருவிழாத் தேர் போகும் தெரு? பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் கணக்கு? 2003 நவம்பரில் புனித இரண்டாம் யோவான் பவுல், தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடமே சாதி வேற்றுமையைக் களைய வேண்டும் என்று வலியுறுத்தினார். உரோமையில் இருந்தவருக்கும் தெரிந்திருந்தது நம் கதை. கொள்கையில் தளர்ந்தவரோடு மேடை ஏறலாமா என்று அந்தச் சகோதரர்கள் பிரிந்தார்கள். நாமோ, பிரிய வேண்டிய சாதியோடு சமரசம் செய்துகொண்டு, பிரியக் கூடாத சகோதரனை விட்டுப் பிரிந்தோம். நம் தோட்டத்தில் பிடுங்கவேண்டிய தூர் இதுதான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21-இல் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு, பழைய பிரிவினைகளில் இரு தரப்புக்கும் குற்றம் உண்டு என்று ஒத்துக்கொண்டது. பிற சபைகளில் இன்று பிறந்து வளர்கிறவர்கள்மேல் பிரிவின் பாவத்தைச் சுமத்தக் கூடாது என்றும் சொன்னது. உண்மையைக் கைவிடச் சொல்லவில்லை. உண்மையை அன்போடு பேசச் சொன்னது.

ஆகவே இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். கோயில் வாசலில் நிற்கிறவரை வற்புறுத்த வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். ஒரு நாற்காலியை எடுத்துப்போட்டு, பந்தி தொடங்கும்போது முதலில் அவரை அழைப்போம். நம் விசுவாசம் என்ன என்று ஜீப்பில் யாராவது கேட்டால், சண்டைக்குப் போகாமல் தெளிவாகச் சொல்லும் அளவுக்காவது மறைக்கல்வியைத் திரும்பப் படிப்போம். சாதி பார்த்து இதுவரை எந்த வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்தோமோ, அந்த வீட்டுக்கு ஒருமுறை போய், கொடுப்பதை வாங்கிச் சாப்பிட்டு வருவோம்.

செபிப்போம்: ஆண்டவரே, நீர் பாடுபடுவதற்கு முந்தின இரவில், நாங்கள் எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று தந்தையிடம் மன்றாடினீர். உமது உண்மையை விட்டுக்கொடுக்காத உறுதியையும், உம் பிள்ளைகளில் ஒருவரையும் விட்டுக்கொடுக்காத அன்பையும் எங்களுக்குத் தாரும். மலையேறிப் போகும் எங்கள் சகோதரிகளை மாலையில் பத்திரமாக வீடு சேரும். ஆமென்.